நெறி கட்டியது

இருளாயி, முப்பத்தாறு, சின்னப்பாலம்.
வலது கவட்டி, நாவற்பழ அளவு, ஒன்று.
லிம்போமா என்று எழுதிய சர்ஜன்
பக்கத்தில் போட்ட கேள்விக்குறியை
இரண்டு முறை அழுத்தியிருக்கிறார்.
தாளின் மறுபக்கம் விரலில் தட்டுகிறது.
தொழில் என்ற கட்டத்தில் இருந்த 'வீட்டுவேலை'யை அடித்துவிட்டு
ஜெசிந்தா பச்சை மையில் திருத்தினாள்:
கடல்பாசி எடுப்பு.

ராமநாதபுரத்தில் மதியம் கரண்ட் போனது, வந்தது, போனது.
மெழுகுக்குள் கட்டி ஒரு நாள் கூடுதலாய்க் காத்திருந்தது.
பிறகு நாலு மைக்ரான் சீவல்,
வெந்நீரில் மிதந்த நாடா,
கண்ணாடியில் ஏறிய ஊதா.

சின்ன லென்ஸில் முதலில் தீவுகள்.
ஒன்று உருண்டை, ஒன்று நீட்டம்,
ஒன்று இடுப்பு ஒடுங்கி, ஏதோ நினைத்துத் திரும்பியது போல.
எல்லாவற்றுக்கும் வெளுத்த நடு, கறுத்த கரை.
கரையும் சமமாயில்லை;
கச்சான் அடித்த பக்கம் மணல் ஏறியதுபோல்
ஒருபக்கம் தடித்திருக்கிறது.

பெரிய லென்ஸைத் திருப்பினேன்.
தீவின் நடுவில் சந்தை இரைச்சல்.
பெரிய கருக்கள், உள்விளிம்பில் ஒட்டிய
இரண்டு மூன்று மைப்புள்ளிகளோடு.
பக்கத்திலேயே மடிந்து நொய்யரிசியாய்க் கிடக்கும் சின்னவை.
இரண்டாய்ப் பிரியப்போன ஒன்று
ஃபார்மலின் பட்ட கணத்தில் அப்படியே நின்றுவிட்டது.
நடுநடுவே வெளிறிய பெருவயிற்று ஆட்கள்,
வயிற்றுக்குள் கறுப்புத் துணுக்குகள்.
வந்தவனின் அச்சுக்குப் பொருந்தாத செல் சாகும்.
செத்ததைத் தின்ன ஆள் சுற்றிவருகிறது.

அந்த வயிறுகளைக் கண்டுதான்
எனக்கு மூச்சு திரும்பியது.

ஐப்பசியில் தொண்டியிலிருந்து ஒரு கண்ணாடி வந்தது.
பள்ளிக்கூட வாத்தியார், கழுத்துக் கட்டி.
தீவெல்லாம் ஒரே அளவு, தோளோடு தோள்.
கரை கிடையாது. செத்தவர் யாருமில்லை,
தின்பவரும் இல்லை.
அத்தனை ஒழுங்கு.
அதை எழுத எனக்கு இரண்டு நாள் ஆனது.

இதில் ஒழுங்கே இல்லை, நல்லவேளை.
ஓரத்துச் சந்துகளில் பிளாஸ்மா செல்கள்,
கடிகார முகத்தை ஒருபக்கம் ஒதுக்கி வைத்துக்கொண்டு
வேலை நேரம் பார்க்கின்றன.
ஆனாலும் நூலளவு சந்தேகம்.
இன்னும் ஆழமாய் ஒரு சீவல் கேட்டேன்.
ஜெசிந்தா பெருமூச்சு விட்டபடி வெட்டினாள்.
அங்கேயும் அதே இரைச்சல்.

'எதிர்வினைப் பெருக்கம். புற்று இல்லை'
என்று கையெழுத்துப் போட்டேன்.

வாங்க அவளே வந்தாள், தையல் இழுக்க, சாய்ந்து நடந்து.
சேலை முந்தியில் உப்பு வெள்ளை பூத்திருந்தது.
படித்துக் காட்டினேன். விளக்கினேன்.
உடம்புக்குள் யாரோ புகுந்திருக்கிறார்கள்,
அவர்களைப் பிடிக்க உங்கள் செல்கள் கூடியிருக்கின்றன,
கூட்டம் பெருத்ததால் கட்டி பெருத்தது.

"நெறி கட்டிருக்குன்னு சொல்லுங்க."

ஆமாம்.

"அதை நான் வந்த அன்னைக்கே சொன்னேன்.
இதுக்கா பத்து நாளு?"

சொல்ல ஒன்றுமில்லை.
அவள் விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தாள்,
பாறையில் பாசி பிய்த்துத் தோலுரிந்த விரல்கள்.
"அமாவாசைக்கு நீர் நல்லா வத்தும்.
மரிக்கொழுந்து கிலோவுக்கு ஏறியிருக்கு. இறங்கலாமா?"

செருப்பைக் கழற்றுங்கள் என்றேன்.
காலில் தகடு கட்டிய கயிற்றுத் தழும்பு.
வலது உள்ளங்காலைத் திருப்பினால்,
பெருவிரலுக்குக் கீழே,
எந்த லென்ஸும் வேண்டாத அளவில்
கருநீலமாய் ஒரு புள்ளி.
கடல்முள்ளியின் முறிந்த முனை.

ஏன் யாரிடமும் காட்டவில்லை?

"கவட்டியைத்தானே பார்த்தாக," என்றாள்,
"காலை யாரும் கேக்கலியே."